தள்ளினால்தான் கிளம்பும்

போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்க முற்றத்தில், சிவப்பு வண்டிக்கு அடியில் சர்வேயர் மேடம் மல்லாந்து படுத்திருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு செருப்புகள் மட்டும்தான். செருப்பைப் பார்த்துப் பேசுவது மரியாதையா என்று அவருடைய உதவியாளன் விசிலுக்குச் சந்தேகமாக இருந்ததால், அவன் வண்டியின் உடைந்த முகப்பு விளக்கைப் பார்த்துப் பேசினான்.

"மேடம், உயிரோட இருக்கீங்களா? இல்ல, இன்னொரு கேஸ் ஆரம்பிக்கணுமா?"

"டார்ச்."

ஒரு கை மட்டும் வெளியே வந்து டார்ச்சை வாங்கிக்கொண்டு உள்ளே போனது.

சர்வேயர் மேடத்துக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை இப்போது வரி கட்டும்போது மட்டும்தான் பயன்படுத்துகிறார். பாதி ஆயுளை ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்ப்பதில் கழித்தவர். வண்டி சொன்னதையும் வண்டிக்காரர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தே தலைமுடி நரைத்துவிட்டது. பிறகு வேலையை விட்டுவிட்டு, ஒரு சலவைக் கடைக்கு மேலே மாடியறை பிடித்து, துப்பறியும் நிறுவனம் என்று போர்டு மாட்டினார். விசில் அதற்கு முன் பஸ் கண்டக்டர். ஒரு பயணி சில்லறை கேட்டபோது ஒரு பதில் சொன்னான். அந்தப் பயணி போக்குவரத்து அதிகாரியின் மாமனார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. வேலை போனது, வாய் மட்டும் அப்படியே இருந்தது.

பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதுல ஆராய்ச்சி பண்ண என்னம்மா இருக்கு? இந்த ஊர்ல இப்படி ரெண்டு பேர் மட்டும் உட்கார்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணே ஒண்ணுதான். விழுந்து கெடந்த தையல்காரரோட சைக்கிள் பக்கத்துல கெடந்த கண்ணாடித் துண்டு, இந்த விளக்கோட கண்ணாடி. பொருந்திப் போச்சு. சாயங்காலம் அவனைக் கோர்ட்டுக்கு அனுப்பறேன்."

அவன் என்றது சைரனை. ஆம்புலன்ஸ் டிரைவர். படுத்தால் விடும் குறட்டைக்காக நண்பர்கள் வைத்த பெயர் அது. இந்தச் சிவப்பு வண்டியைக் காயலான் கடையில் துருப்பிடித்த எலும்புக்கூடாக வாங்கி, வருஷக்கணக்கில் ஒவ்வொரு போல்ட்டாகத் தேடி உயிர் கொடுத்தவன். முந்தாநாள் மழையில், கடைத்தெரு வளைவில், இந்த வண்டி தையல்காரரின் சைக்கிளை இடித்தது. எதிரே இருந்த ரொட்டிக் கடைக்காரர்தான் சாட்சி. துணிக்கூரை மூடியிருந்ததால் ஓட்டினவர் முகம் தெரியவில்லை. இடித்ததும் எஞ்சின் நின்றுபோனது. யாரும் கீழே இறங்கவில்லை. 'சிய்ய்ங்' என்று ஒரு சத்தம், வண்டி மறுபடி கிளம்பிப் போய்விட்டது. தையல்காரர் கால் எலும்பு முறிந்து மழைத் தண்ணீரில் கிடந்தார்.

சைரன் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். தன் வண்டி சாவி போட்டால் கிளம்பாது. ஸ்டார்ட்டர் மோட்டார் செத்து மாதக்கணக்காகிறது. பின்னாலிருந்து தள்ளினால்தான் கிளம்பும், தெருவே சாட்சி. அதனால் ரொட்டிக் கடைக்காரர் பார்த்தது தன் வண்டியாக இருக்க முடியாது.

"அவன் அப்படிச் சொன்னான்," என்றார் இன்ஸ்பெக்டர், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "நான் சாவியப் போட்டேன். சிய்ய்ங்னு ஒரே திருப்புல கிளம்பிருச்சு. இத அவன்கிட்டயும் சொல்லல, அவன் வீட்லயும் சொல்லல. கோர்ட்ல இறக்கலாம்னு வெச்சிருக்கேன். துருப்புச் சீட்டு."

செருப்புகள் அசைந்தன. மேடம் வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தார். மூக்கில் கறுப்பாக எண்ணெய்.

"அடியில எல்லாம் ஒரு விரல் தடிமனுக்கு அழுக்கு," என்றார். "ஒரு எடத்துல மட்டும் இல்ல."

இன்ஸ்பெக்டர் குனியவில்லை. அவர் வயிறு அதற்கு அனுமதி தராது. விசில் குனிந்து பார்த்தான். எஞ்சினின் ஓரத்தில், அத்தனை கரிக்கும் நடுவில், சின்னதாகப் பளபளவென்று ஓர் உருளை. அதைச் சுற்றி அதைவிடப் பெரிதாக ஒரு வட்டம், அழுக்குப் படியாமல் வெளுத்துக் கிடந்தது. சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தை எடுத்துவிட்டுச் சின்னப் படம் மாட்டினால் எப்படித் தெரியுமோ அப்படி. உருளைக்குப் போகும் இரண்டு வயர்களிலும் வெள்ளை ஒட்டுநாடா சுற்றி, அதில் பேனாவால் 1, 2 என்று எழுதியிருந்தது.

"எந்த மெக்கானிக்காவது வயருக்கு நம்பர் போட்டு நீ பாத்திருக்கியா?" என்று கேட்டார் மேடம்.

"நம்பர் வேணாம் மேடம், கழட்டின வயர் எதுன்னு ஞாபகம் வெச்சிருந்தாலே பெரிய விஷயம்."

"அப்ப இது மெக்கானிக் கை இல்ல. பயந்து பயந்து, வீட்ல வெச்சு, யாரோ முதல் தடவையா மாட்டினது."

சாயங்காலம் வரை துருப்புச் சீட்டை வெளியே காட்டக் கூடாது என்று அவர் இன்ஸ்பெக்டரிடம் கேட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொண்டார். பழைய விபத்து வழக்குகளில் இந்த அம்மாள் அவருக்கு இரண்டு மூன்று முறை பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதில் ஒன்றில் அவருக்குப் பதக்கமே கிடைத்தது, அம்மாளுக்கு ஒரு டீ கிடைத்தது.

லாக்கப்பில் சைரன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மேடத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றான். முந்தாநாள் அந்த நேரத்தில் டியூட்டியில்தான் இருந்தானாம். ஆனால் வெளியே போகும் வேலை எதுவும் வரவில்லை என்று இரண்டாவது ஆம்புலன்ஸுக்குள் ஸ்ட்ரெச்சரில் படுத்துத் தூங்கிவிட்டான். யாரும் பார்க்கவில்லை. தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் அவன் குறட்டைகூடச் சாட்சிக்கு வரவில்லை.

"ஸ்ட்ரெச்சரக் கூண்டுல ஏத்தலாமா மேடம்?" என்று விசில் மெல்லக் கேட்டான். மேடம் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

வண்டியை எப்படித் தள்ளுவீர்கள் என்று மேடம் கேட்டார். இதென்ன கேள்வி என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். இருந்தாலும் சொன்னான். வீட்டுத் தெரு லேசான சரிவு. மூக்கு கீழே பார்க்க நிறுத்துவான். காலையில் அவன் ஸ்டியரிங்கில், அக்காவின் கணவர், அதாவது மாமா, பின்னால் வலப்பக்கம், அக்கா இடப்பக்கம். ஒரு தள்ளுத் தள்ளி, இரண்டாவது கியரில் கிளட்ச்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். ஒரு சுற்றுப் போய்வந்து வாசலிலேயே நிறுத்திவிட்டு டியூட்டிக்கு நடந்து போவான், அங்கே தள்ள ஆளில்லை. இந்த நாடகம் தினமும் நடக்கும், அந்தத் தெருவில் பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் கடிகாரத்தைச் சரி செய்கிறார்கள்.

"புது மோட்டார் போட வேண்டியதுதானே?"

"அசல் பாகம் கெடைக்கல மேடம். எழுதிப் போட்டிருக்கேன். வேற எதையாவது மாட்டினா அது இந்த வண்டியே இல்ல." அதைச் சொல்லும்போது அவனுக்கு லாக்கப் மறந்துபோனது. மறுநிமிஷம் ஞாபகம் வந்து குரல் இறங்கியது. "லைசன்ஸ் போயிரும். வேலை போயிரும். அடுத்த மாசம் கல்யாணம், அதுவும் போகலாம். அது இருக்கட்டும். நான் தினம் ரோட்ல கெடக்கறவங்கள எடுத்துட்டுப் போறவன். நான் ஒருத்தர இடிச்சுட்டு, எறங்கிக்கூடப் பாக்காமப் போயிட்டேன்னு சொல்றாங்க மேடம். இடிச்சேன்னு மட்டும் சொன்னாக்கூடத் தாங்கிக்குவேன்."

விசிலுக்கு அவனைப் பிடித்துப்போனது. பொய் சொல்கிறவன் முதலில் லைசன்ஸுக்காக அழுவான்.

வெளியே வந்ததும் விசில் தன் கணக்கைச் சொன்னான். "வண்டி சாவியில கிளம்புது. இவன் கிளம்பாதுங்கறான். ஒண்ணு இவன் பெரிய நடிகன். இல்லைன்னா..."

"இல்லைன்னா அவனுக்கே தெரியாது," என்றார் மேடம்.

அவர்களை வேலைக்கு அமர்த்தியது சைரனின் அக்கா. பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். முந்தின நாள் மாடியறைக்கு வந்து, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, தம்பியை எப்படியாவது வெளியே கொண்டுவாருங்கள் என்று கெஞ்சினார். சாட்சியை விசாரியுங்கள், மழையில் அவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்றார். வண்டியைப் போய்ப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றும் சொன்னார். மேடம் தலையாட்டிவிட்டு, காலையில் முதல் வேலையாக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அடுத்து ஆம்புலன்ஸ் கொட்டகை. சைரனின் சக டிரைவர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். தையல்காரரைப் போய் எடுத்து வந்தது அவர்தான். தகவல் எப்படி வந்தது என்று கேட்டதும் அவர் ரொட்டியால் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு பழைய கறுப்புத் தொலைபேசி.

"அவசர நம்பருக்கு வரலையா?"

"இல்லீங்க. அது ஆஸ்பத்திரி மேசைக்குப் போகும். இது உள் போன். கடைத்தெரு வளைவு, சைக்கிள்காரர், சீக்கிரம் போங்கன்னு ஒரு வரி. வெச்சுட்டாங்க. மழை இரைச்சல்ல ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல."

இந்த நம்பர் வெளியே எங்கும் எழுதப்படவில்லை. சாப்பிட வருவாயா, வரமாட்டாயா என்று கேட்பதற்காக டிரைவர்கள் தங்கள் வீட்டுக்கு மட்டும் கொடுத்து வைத்திருந்தார்கள். டிரைவர்கள் மூன்று பேர். ஒருவருக்கு வீட்டில் யாரும் இல்லை. ரொட்டி நனைத்த இந்த டிரைவருக்கு மனைவி உண்டு, ஆனால் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம் ஆகிறது.

"நான் செத்தாக்கூட அவசர நம்பருக்குத்தான் அடிப்பா," என்றார் அவர். அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

படியிறங்கும்போது மேடம் யோசனையாக நடந்தார். இடித்தவர் இறங்கிப் பார்க்கவில்லை. ஆனால் விட்டுவிடவும் மனசில்லை. பதறிப்போன கை, தினமும் அடித்துப் பழகிய எண்ணைத்தான் அடித்திருக்கிறது. அந்த எண் பழகிய வீடு ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டில் சைரனை விட்டால் இரண்டே பேர். வண்டிச் சாவியோ கதவுக்குப் பக்கத்து ஆணியில் எல்லோர் கைக்கும் எட்டும்படி தொங்கும் என்று சைரனே சொல்லியிருந்தான்.

"மாமாதான்," என்றான் விசில். "சந்தேகமே இல்ல. தினம் தள்ளித் தள்ளி மனுஷனுக்கு வாழ்க்கை வெறுத்திருக்கும். மச்சானுக்குத் தெரியாம மோட்டார மாத்தியிருப்பார். மாத்தினா ஓட்டிப் பாக்கத் தோணும். ஓட்டினா நிறுத்தித் திரும்பக் கிளப்பிப் பாக்கத் தோணும்."

"பாக்கலாம்."

மேடம் ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டால் 'சரி' என்பார். ஒத்துக்கொள்ளாவிட்டால் 'பாக்கலாம்' என்பார். விசில் இதை இரண்டு வருஷமாகக் கவனித்தும் ஒருமுறைகூட எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டதில்லை.

டீச்சரின் கணவர் டைல்ஸ் கடை வைத்திருந்தார். இடுப்பில் அகலமாக ஒரு முதுகுவலி பெல்ட். உட்காரும்போது ஒரு முனகல், எழும்போது இரண்டு. சைரனின் வண்டியைப் பற்றிக் கேட்டதுதான் தாமதம், மனுஷன் கொட்டித் தீர்த்துவிட்டார். கல்யாணமாகி வந்த வீட்டில் மாட்டைத் தருவார்கள், வீட்டைத் தருவார்கள், தனக்குத் தள்ளுவதற்கு ஒரு கார் தந்தார்கள் என்றார். எலும்பு டாக்டர் பாரம் தூக்காதே என்றாராம். கார் தள்ளலாமா என்று இவர் கேட்டதற்கு டாக்டர் எழுந்து வந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாராம்.

முந்தாநாள் மழை நேரத்தில் எங்கே இருந்தீர்கள் என்றதும் அவர் முகம் மாறியது. டெலிவரிக்குப் போனேன் என்றார். எந்த வீட்டுக்கு என்றால் சரியாக ஞாபகமில்லை என்றார். விசில் அதற்குள் டைல்ஸ் பார்க்கிற சாக்கில் பின்பக்கக் கோடவுனுக்குள் நுழைந்திருந்தான். மூலையில் குளியலறை டைல்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால், பழைய துண்டில் சுற்றி, கனமாக ஒன்று கிடந்தது. பிரித்தான். கரியும் எண்ணெயும் அப்பிய பெரிய இரும்பு உருளை.

அதை இரண்டு கையாலும் தூக்கிவந்து கல்லாவின் மேல் வைத்தான். கல்லா முனகியது. டைல்ஸ்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னது இது? குக்கரா?"

பழைய ஸ்டார்ட்டர் மோட்டார். வண்டிக்கடியில் வெளுத்துக் கிடந்த வட்டத்துக்கு அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது. கோடவுன் சாவி யாரிடம் இருக்கும் என்று மேடம் கேட்டார். தன்னிடம் ஒன்று, வீட்டு ஆணியில் ஒன்று என்றார் அவர். அது எப்படி இங்கே வந்தது என்று தெரியாது என்று சத்தியம் பண்ணினார். நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

"டெலிவரின்னு சொன்னீங்களே," என்று விசில் பிடியை விடவில்லை.

அவர் கடைவாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "முதுகுக்கு ஒருத்தர் உருவி விடறார். வீட்ல சொல்லல. சொன்னா நாளைலேருந்து நீங்க தள்ள வேணாம்னு அவளே தனியாத் தள்ளுவா. தெரு பாக்கும்."

வெளியே வந்ததும் விசில் வெற்றிப் பெருமிதத்தோடு நடந்தான். முதுகு உருவுகிற கதையை யார் நம்புவது? மோட்டார் அவர் கோடவுனில், எண் அவர் விரல்நுனியில், காரணம் அவர் இடுப்பில். இனி என்ன வேண்டும்? மேடம் அந்த இரும்பு உருளையை அவன் தோளிலேயே ஏற்றி ஸ்டேஷன்வரை நடக்கவைத்தார். பாதிவழியில் அவனுக்கு டைல்ஸ்காரர் மேல் இரக்கம் வந்துவிட்டது.

"இப்ப என்ன மேடம்? அவரப் பிடிச்சு உலுக்கிரலாமா?"

"வேணாம். வண்டியத் தள்ளச் சொல்லலாம்."

சாயங்காலம், சைரனை அனுப்புவதற்கு முன் பார்ப்பதற்காக வீட்டார் இருவரும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். டீச்சர் கையில் தம்பிக்குச் சாப்பாட்டு டப்பா. கண்கள் வீங்கியிருந்தன. கணவர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். முற்றத்தில் தண்ணீர் லாரி உள்ளே வரவேண்டுமாம், சிவப்பு வண்டி குறுக்கே நிற்கிறதாம், கொஞ்சம் நகர்த்தித் தர வேண்டும் என்று, மேடம் சொல்லிக்கொடுத்தபடியே இன்ஸ்பெக்டர் சொன்னார். அந்த வண்டியின் குணம் தெரிந்தவன் அவன்தான் என்று சைரனையும் லாக்கப்பிலிருந்து கூட்டிவந்து ஸ்டியரிங்கில் உட்காரவைத்தார்கள். லாரியை விசில் எங்கும் காணவில்லை. கேட்கலாமா என்று நினைத்து, அன்றைக்கு முதல்முறையாக, வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

சாவியை மேடமே சைரனிடம் கொடுத்தார். அவன் சாவியைச் செருகினான், பாதிவரைதான் திருப்பினான். கியரைப் போட்டான். ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினான்.

"மாமா, தள்ளலாமா?"

அந்த நிமிஷத்தில் விசில் டைல்ஸ்காரரைக் கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். மனுஷன் ஒரு பெருமூச்சு விட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். பெல்ட்டை ஒரு துளை இறுக்கினார். வண்டியின் பின்னால் போய், வலப்பக்கத்தில், காலை அகட்டி ஊன்றி, இரண்டு உள்ளங்கையையும் வைத்துக் குனிந்தார். அந்தக் குனிவில் பொய் இல்லை. கொலைக்களத்துக்குப் போகிறவன்கூட அவ்வளவு வேதனையோடு குனியமாட்டான். சாவியைத் திருப்பினாலே வண்டி கிளம்பும் என்று தெரிந்த எவனும், அப்படி ஒரு முதுகை வைத்துக்கொண்டு, அந்த வேலையைச் செய்யமாட்டான்.

விசில் தன் கணக்கு மொத்தமும் சரிவதை உணர்ந்தான்.

இடப்பக்கம் காலியாக இருந்தது.

டீச்சர் வண்டியின் முன்பக்கம், சுவரோரமாக ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். சாப்பாட்டு டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, வண்டி போகிற வழியை விட்டு விலகி, சாவி போட்டால் கிளம்பும் ஒரு காருக்காக யாரும் காத்திருப்பது போலக் காத்திருந்தார்.

"டீச்சர்," என்றார் மேடம் சாதாரணமாக. "உங்க எடம் காலியா இருக்கே."

டீச்சர் திரும்பிப் பார்த்தார். கணவர் குனிந்திருப்பதைப் பார்த்தார், அவருக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். போய் நிற்கத்தான் ஓர் அடி எடுத்து வைத்தார், அதற்கு மேல் கால் வரவில்லை.

"தம்பி," என்று மேடம் வண்டிக்குள் குனிந்தார். "சாவிய முழுசாத் திருப்பு."

"கிளம்பாது மேடம். டக்குன்னு ஒரு சத்தம் மட்டும்தான் வரும்."

"திருப்பு."

சிய்ய்ங். எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரே சீராக ஓடியது. சைரனின் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். சுத்தமான, சின்னப் பிள்ளைத்தனமான சந்தோஷம். தான் எங்கே இருக்கிறோம், எதற்காக இருக்கிறோம் என்பதெல்லாம் மறந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இந்த முகத்தை எந்த நடிகனாலும் செய்ய முடியாது.

பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல நின்றது. அவன் கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தான். சுவரோரமாக நின்ற அக்காவைப் பார்த்தான். எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினான்.

"சார்," என்றான் இன்ஸ்பெக்டரிடம். "நான்தான் ஓட்டினேன். நான்தான் இடிச்சேன். எழுதிக்கங்க."

"இவ்வளவு நேரம் இல்லேன்னியேப்பா?"

"இப்ப ஆமாங்கறேன்."

மேடம் தலையை அசைத்தார். "உன்னால முடியாதுப்பா. இடிச்ச ஆள் சாவியத் திருப்பிக் கிளம்பிப் போயிருக்கார். நீ இப்பத்தான் தள்ள ஆள் கூப்பிட்ட. இன்ஸ்பெக்டர் சாரே பாத்துட்டார்."

இன்ஸ்பெக்டர் தன் துருப்புச் சீட்டு எதிராளி கைக்குப் போய்விட்டதை அப்போதுதான் புரிந்துகொண்டார். டைல்ஸ்காரர் இன்னும் குனிந்தபடியே இருந்தார். நிமிர மறந்துவிட்டாரா, முடியவில்லையா என்பது தெரியவில்லை. விசில் போய் அவரை மெதுவாக நிமிர்த்திவிட்டான்.

டீச்சர் டப்பாவைச் சுவர்மேல் வைத்தார். வகுப்பில் பாடம் சொல்வது போல் ஒவ்வொன்றாகச் சொன்னார். கல்யாணத்தன்றைக்கும் இந்த வண்டியில்தான் பெண்ணை அழைத்துப் போவேன் என்று தம்பி பிடிவாதமாக இருந்தான். வருகிறவள் முதல் நாளே இறங்கி வண்டி தள்ளுவதை ஊர் பார்க்க வேண்டாம் என்று இவருக்குத் தோன்றியது. அசல் பாகமில்லை என்று தெரிந்தால் அவன் கழற்றி எறிந்துவிடுவான். அதனால் அன்றைக்கு வரை சொல்லாமல் வைத்திருக்கலாம் என்று, வீடியோ பார்த்து, அவன் டியூட்டிக்குப் போன நேரத்தில் தெருவிலேயே படுத்துத் தானே மாட்டினார். பழசைக் கோடவுனில் ஒளித்தார். சூடான எஞ்சினிலும் கிளம்புகிறதா என்று பார்க்க ஒரு சுற்று போனார். மழை பிடித்துக்கொண்டது. வளைவில் சைக்கிள் தெரியவில்லை.

"நீ டியூட்டியில இருக்கே, உன்மேல வராதுன்னு நெனச்சேன்டா. நீ எங்கயோ தனியாப் போய்த் தூங்குவேன்னு நான் கண்டேனா? அப்புறம் சொல்லலாம், சொல்லலாம்னு... வாய் வரல."

லாக்கப்பில் கிடந்ததைப் பற்றிச் சைரன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"எறங்கிப் பாத்தியா அக்கா?"

டீச்சர் வண்டியின் பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்தார். "கண்ணாடியில பாத்தேன். கை அசைஞ்சுது. போன் மட்டும் பண்ணினேன்."

"கண்ணாடியில பாத்தே."

அவ்வளவுதான் சொன்னான். கத்தியிருந்தால் டீச்சர் தாங்கியிருப்பார் என்று விசிலுக்குத் தோன்றியது. அவர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதார். கணவர் முதுகை மறந்து, அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

பிறகு எல்லாம் அந்தந்த வழக்கப்படி நடந்தது. இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் எழுதினார். டீச்சர் கையெழுத்துப் போட்டார். சைரனின் செருப்பையும் பெல்ட்டையும் திருப்பிக் கொடுத்தார்கள். பெண் கான்ஸ்டபிள் டீச்சரை உள்ளே அழைத்துப்போக வந்தார்.

"உன் கல்யாணத்துக்குள்ள வெளிய வந்துருவேனாடா?" என்று டீச்சர் கேட்டார்.

"தேதியத் தள்ளி வெச்சுக்கலாம்," என்றான் சைரன். "தையல்காரர் எந்திரிச்சு நடக்கட்டும். அதுக்கப்புறம் வெச்சுக்கலாம். நீயும் வந்துருவே."

அவன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு தையல்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளிவாசல் வரை போனான். மேடமும் விசிலும் அவன் பின்னால் நடந்தார்கள். வாசலில் அவன் நின்றான். திரும்பி, மளமளவென்று உள்ளே வந்து, லாக்கப் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றான். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், உள்ளே கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அந்த மூலையில ஒழுகும். இந்தப் பக்கம் உக்காரு."

டீச்சர் நகர்ந்து உட்கார்ந்தார். சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு அவன் போனான்.